பரபக்கம் அறிந்து பேசுதல்: கிள்ளான் பள்ளத்தாக்கில் விசுவாசியும் நாத்திகரும்

தமிழில் சமய விவாதம் நேற்று முளைத்த வழக்கமன்று. மணிமேகலைக் காப்பியத்தின் தலைவி வஞ்சி மாநகரில் பல சமயக் கணக்கரை அணுகி, அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்டறிகிறாள்; அந்த வரிசையில், பூதங்களின் சேர்க்கையிலிருந்தே உணர்வு தோன்றுகிறது, இப்பிறவிக்கு அப்பால் ஏதுமில்லை என்று சொல்லும் பூதவாதிக்கும் இடம் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகளாக அமைந்தது. பரபக்கம் என்பது எதிர்த்தரப்பின் கொள்கையை முதலில் முறையாக எடுத்துரைத்துப் பின்னர் மறுப்பது. சுபக்கம் என்பது தன் கொள்கையை நிறுவுவது. அந்நூலின் பரபக்கம் தொடங்குவதே உலகாயதரிடமிருந்துதான். கண்ணால் காண்பதே சான்று என்று கொண்ட அந்தப் பழைய பொருள்முதல்வாதியை மறுப்பதற்கு முன், அவன் சொல்வது என்ன என்பதைச் சைவ ஆசிரியர் தம் செய்யுளிலேயே சொல்லியாக வேண்டியிருந்தது. எதிரியின் வாதத்தை அவனே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துரைக்க இயலாதவருக்கு மறுக்கும் தகுதியும் இல்லை என்பதே இம்முறையின் உட்கிடை. இன்று கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் கிறிஸ்தவ விசுவாசிகளும் கடவுள் மறுப்பாளர்களும் நட்போடு விவாதிக்க விரும்பினால், அவர்கள் கைக்கொள்ளத்தக்க ஒழுங்கு அவர்களுடைய சொந்த மொழியிலேயே இருக்கிறது.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தைச் சுற்றி வருபவருக்கு இந்த விவாதம் ஏன் இங்கே இயல்பாக எழுகிறது என்பது எளிதில் விளங்கும். தமிழ் லுத்தரன் மக்களின் சீயோன் ஆலயம், தமிழ்க் கத்தோலிக்கர் திரளும் பாத்திமா அன்னை ஆலயம், தமிழ் மெதடிஸ்ட் சபை, ஸ்கோட் சாலைப் பக்கத்துக் கந்தசுவாமி கோயில், 1894ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் பௌத்த மகா விகாரை ஆகிய எல்லாம் ஒன்றுக்கொன்று நடைதூரத்தில் உள்ளன. விகாரை நிற்கும் தெருவின் பெயர் ஜாலான் பெர்ஹாலா. மலாய்ச் சொல்லான பெர்ஹாலாவுக்குச் சிலை என்று பொருள். மேற்கே கிள்ளானில் 1928ஆம் ஆண்டில் எழுந்த லூர்து அன்னை ஆலயம், தோட்டப்புறத்திலிருந்து நகரத்துக்குப் பெயர்ந்த பல தமிழ்க் குடும்பங்களின் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் அடக்கத்தையும் கண்டது. 2010ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியரில் கிறிஸ்தவர் ஏறத்தாழ 6 விழுக்காட்டினர், பெரும்பான்மையினர் இந்துக்கள். ஆகவே கிறிஸ்தவக் குடும்பமொன்றின் திருமணத்திலோ துக்க வீட்டிலோ இந்து உறவினரும் பகுத்தறிவு பேசும் சித்தப்பாவும் ஒரே பந்தலின்கீழ் அமர்ந்திருப்பது இங்கே வழக்கமான காட்சியாகும்.

அந்தச் சித்தப்பாவின் மரபும் நீண்டது. பெரியார் ஈ.வெ.ராமசாமி 1929ஆம் ஆண்டின் இறுதியில் நாகம்மையாருடன் மலாயாவுக்கு வந்தபோது, நாத்திகரை நாட்டுக்குள் அனுமதிக்கக் கூடாது என்று இந்திய வைதிகர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர்; ஆயினும் பினாங்கு தொடங்கிச் சிங்கப்பூர் வரை அவரைக் கேட்கக் கூட்டம் கூடியது. அவர் 1954–55இல் மீண்டும் வந்தார். இடையில் 1946ஆம் ஆண்டில் மலாயாவில் திராவிடர் கழகம் அமைப்பாக உருப்பெற்றது. சாதி ஒழிப்பு, புரோகிதரில்லாச் சீர்திருத்தத் திருமணம், மூடநம்பிக்கை எதிர்ப்பு, தமிழ்க் கல்வி ஆகியவற்றின் வழியாகவே பகுத்தறிவு என்ற சொல் தோட்டத் தொழிலாளியின் வீட்டுக்குள் வந்தது. மலேசியத் தமிழ் நாத்திகம் மெய்யியல் வகுப்பறையிலிருந்து கிளம்பியதன்று. கூலி லயங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் கண்ட இழிவுகளுக்கு எதிரான கோபத்திலிருந்து கிளம்பியது. இந்தப் பிறப்பு வரலாற்றை அறியாமல் அதனோடு வாதிடும் போதகர், அது கேட்காத கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருப்பார்.

இந்த இரு தரப்பினரும் தாங்கள் நினைப்பதைக் காட்டிலும் நெருங்கிய உறவினர் என்பதே இப்பொருளில் முதலில் உணர வேண்டிய செய்தி. ‘திராவிடர்’ என்ற சொல்லுக்கு இன்றுள்ள எடையைக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் இடையன்குடியில் உழைத்த ஆங்கிலிக்க மிஷனரி ராபர்ட் கால்டுவெல். அவருடைய ஒப்பிலக்கணம் 1856ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்னாளில் அவர் பேராயராகவும் திருநிலைப்படுத்தப்பட்டார். கடவுளை மறுக்கும் கழகம் தன் பெயரிலேயே ஒரு பேராயரின் நூலுக்குக் கடன்பட்டிருக்கிறது. மறுபுறம், 1968ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது, பெரியாரின் மாணவரான அண்ணாதுரை முதலமைச்சராக இருந்த ஆட்சி, மெரினா கடற்கரையில் கால்டுவெல், ஜி.யு.போப், வீரமாமுனிவர் என்னும் மூன்று கிறிஸ்தவ ஊழியர்க்கும் சிலை எடுத்தது.

அந்த மாநாட்டு வரிசைக்கு வித்திட்டவர் ஒரு கத்தோலிக்கக் குரு. யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் பிறந்த தனிநாயகம் அடிகள் 1961ஆம் ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைத் தலைமையை ஏற்று, 1966ஆம் ஆண்டு ஏப்ரல் 16 முதல் 23 வரை முதலாம் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்தினார். சைவரும் வைணவரும் கிறிஸ்தவரும் முஸ்லிமும் கடவுள் மறுப்பாளரும் தமிழை ஆராய்ச்சிப் பொருளாக முன்வைத்து ஓர் அவையில் கூட முடியும் என்பதை இந்நகரம் அப்போதே கண்டது. அங்கே கடவுள் உண்டா இல்லையா என்பது வழக்காக வைக்கப்படவில்லை என்பது உண்மைதான். ஆயினும் ஒருவரையொருவர் மதிப்பதற்கு அந்த வழக்குத் தீர்ந்தாக வேண்டியதில்லை என்பதற்கு அடிகளின் வாழ்க்கையைவிடச் சிறந்த சான்று மலேசியத் தமிழருக்குக் கிடைப்பது அரிது.

இதே உறவு ஒரு சங்கடத்தையும் கொண்டுவருகிறது. தமிழ்க் கிறிஸ்தவப் பிரசங்கியார் பலர் நேர்த்திக்கடனையும் சகுனத்தையும் சாதகத்தையும் மூடநம்பிக்கை என்று கண்டிக்கும்போது, பகுத்தறிவாளரின் அதே கருவிகளைத்தான் எடுத்தாளுகின்றனர். தம் ஆலய வாசலுக்கு வந்ததும் அக்கருவிகளைக் கீழே வைத்துவிடுகின்றனர். சகுனத்தைச் சான்று கேட்டு மறுத்தவர், அற்புத சுகமளிப்புக் கூட்டத்தில் அதே சான்றைக் கேட்பதில்லை. பகுத்தறிவாளர் பக்கத்திலும் இதற்கு ஈடான குறை உண்டு. கோயிலையும் புரோகிதரையும் எதிர்த்து வளர்ந்த வாதங்களை அப்படியே தூக்கிக் கிறிஸ்தவத்தின்மேல் வைத்தால் அவை பொருந்துவதில்லை. உருவ வழிபாட்டைக் கேலி செய்யும் வாதம், சிலையே வைக்காத சீர்திருத்த சபையாரிடம் எங்கே போய்த் தைக்கும்? கிறிஸ்தவத்தை எதிர்கொள்ள விரும்பும் நாத்திகர் நற்செய்தி நூல்களின் காலத்தையும், உயிர்த்தெழுதல் பற்றிய சாட்சியங்களையும், துன்பம் பற்றிய கேள்வியையும் கற்றாக வேண்டும். பரபக்கம் அறிதல் என்பது இந்த உழைப்பே.

சாதி என்று வரும்போது இரு தரப்புக்கும் பேச நிறைய உண்டு. சாதியை ஒழித்தோம் என்று கிறிஸ்தவர் சொல்லும்போது, நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்துத் திருக்குடும்ப ஆலயத்தைப் பகுத்தறிவாளர் நினைவூட்டலாம். அங்கே வேளாளரையும் நாடாரையும் பிரித்து நின்ற சுவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அகற்றப்பட்டது. அதே வடக்கன்குளத்துப் பள்ளியில்தான் தனிநாயகம் அடிகள் 1940களில் ஆசிரியப் பணியாற்றி, தமிழை ஆழ்ந்து கற்கும் வழியில் இறங்கினார். சுவர் எழுப்பியதும் திருச்சபையின் வரலாறு, சுவரை இடித்ததும் திருச்சபையின் வரலாறு. நேர்மையான விசுவாசி முதல் செய்தியை மறைக்க மாட்டார். நேர்மையான நாத்திகர் இரண்டாவதை மறைக்க மாட்டார்.

தமிழில் நடக்கும் விவாதத்தைக் குழப்பும் பெரும் சிக்கல் ஒரு சொல்லில் இருக்கிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்திலுள்ள ‘பிஸ்டிஸ்’ என்ற சொல்லைச் சீர்திருத்த சபையாரின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘விசுவாசம்’ என்கிறது. வருவது நிச்சயம் என்ற எதிர்பார்ப்பைக் குறிக்கும் ‘எல்பிஸ்’ அங்கே ‘நம்பிக்கை’ ஆகிறது. கத்தோலிக்கர் இன்று பயன்படுத்தும் 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமோ முதற்சொல்லை ‘நம்பிக்கை’ என்றும் இரண்டாவதை ‘எதிர்நோக்கு’ என்றும் பெயர்க்கிறது. ஆகவே பிரிக்பீல்ட்ஸில் ஒரு மெதடிஸ்டும் ஒரு கத்தோலிக்கரும் ‘நம்பிக்கை’ என்று சொல்லும்போது இருவரும் வேறு வேறு பொருளைச் சொல்லக்கூடும். இவர்களுக்கு எதிரே அமர்ந்திருக்கும் பகுத்தறிவாளருக்கோ அச்சொல்லோடு ‘மூட’ என்ற அடைமொழி காதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. சான்றில்லாமல் ஒன்றை உண்மை என்று கொள்வதே நம்பிக்கை என்று அவர் வைத்துக்கொள்கிறார்.

நாட்டு வழக்கில் ‘விசுவாசம்’ என்பதற்கு இன்னொரு பொருள் உண்டு. நாய் விசுவாசமுள்ளது, வேலையாள் விசுவாசமானவர் என்கிறோம். உறவில் பிறழாமல் நிற்றல் என்பதே அங்கே பொருள். கிறிஸ்தவர் தம் விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் இந்த இரண்டாம் பொருளே மேலோங்கி நிற்கிறது: கடவுள் இருக்கிறார் என்ற முடிவைக் காட்டிலும், தம்மைக் கைவிடாதவரைத் தாமும் கைவிடுவதில்லை என்ற உறுதி. நாத்திகர் முதற்பொருளைத் தாக்க, விசுவாசி இரண்டாம் பொருளைக் காக்க, இருவரும் மணிக்கணக்கில் பேசியும் ஒருவர் வாதத்தை மற்றவர் தொடாமலேயே எழுந்து போகின்றனர். விவாதம் தொடங்கும் முன் ‘நீங்கள் எந்தப் பொருளில் இச்சொல்லை ஆளுகிறீர்கள்?’ என்று கேட்டுக்கொள்வது பாதிப் பிணக்கைத் தீர்த்துவிடும். எஞ்சிய பாதியில் ஒரு நியாயமான கேள்வி நாத்திகரிடம் இருக்கும்: உறவில் உறுதியாக நிற்பதற்கு முன், உறவு கொள்ள எதிரே ஒருவர் இருக்கிறாரா என்று அறிய வேண்டாமா? இக்கேள்வியை விசுவாசி தட்டிக்கழிக்கக் கூடாது. கத்தோலிக்கருக்கு அது இயலவும் இயலாது. கடவுளின் இருப்பை மனித அறிவின் ஒளியால் உறுதியாக அறியலாம் என்று 1870ஆம் ஆண்டில் முதலாம் வத்திக்கான் சங்கம் அறுதியிட்டிருப்பதால், ‘கேள்வி கேட்காதே, நம்பு’ என்பது அவர்களுடைய திருச்சபையின் போதனையே ஆகாது.

இந்தக் கேள்வி எவ்வாறு பண்போடு விவாதிக்கப்படலாம் என்பதற்கு 1948ஆம் ஆண்டு ஜனவரி 28 அன்று பிபிசி வானொலியில் இயேசு சபைக் குரு பிரடெரிக் கொப்பிள்ஸ்டனும் நாத்திகச் சார்புடைய மெய்யியலாளர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் நடத்திய உரையாடல் நல்ல எடுத்துக்காட்டு. கொப்பிள்ஸ்டனின் வாதம் இது: நாம் காணும் ஒவ்வொரு பொருளும் வேறொன்றைச் சார்ந்தே இருக்கிறது, மகன் தந்தையையும், தந்தை பாட்டனையும் சார்ந்திருப்பதுபோல. இத்தகைய சார்புப் பொருள்களை எத்தனை அடுக்கினாலும் அவை ஏன் இருக்கின்றன என்பதற்கு அவற்றுக்குள்ளேயே விளக்கம் கிடைக்காது. ஆகவே எதையும் சாராமல் தானே இருக்கும் ஒன்று வேண்டும். ரஸ்ஸலின் மறுப்பு: ஒவ்வொரு மனிதருக்கும் தாய் உண்டு என்பதால் மனித இனம் முழுமைக்கும் ஒரு தாய் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை, உலகம் முழுமைக்கும் காரணம் கேட்பதும் அத்தகைய பிழையே, உலகம் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த உரையாடலில் யாரும் வென்றதாக அறிவிக்கப்படவில்லை. ஆனால் இருவரும் முதலில் ‘கடவுள்’ என்ற சொல்லுக்குப் பொருள் வரையறுத்து ஒத்துக்கொண்ட பின்னரே வாதத்தில் இறங்கினர். ரஸ்ஸல் தம் நிலையை அறியொணாமை என்று அங்கே வகுத்துக்கொண்டார். அதாவது கடவுள் இல்லை என்று மெய்ப்பித்துவிட்டதாக அவர் உரிமை கோரவில்லை. உண்டு என்பவருக்கும் இல்லை என்பவருக்கும் இடையில் ‘அறிய வழியில்லை’ என்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதைத் தமிழ் மேடைகள் அடிக்கடி மறந்துவிடுகின்றன.

காரண காரிய வாதங்கள் அறிவைத் தொடும். துன்பம் பற்றிய கேள்வி நெஞ்சைத் தொடும். மலேசியத் தமிழ்க் கத்தோலிக்கர் யாத்திரை செல்லும் வேளாங்கண்ணியில் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 காலை, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஆழிப்பேரலை கரையேறி வந்து யாத்திரிகர் பெருந்திரளை வாரிச் சென்றது. பேராலயத்துக்குள் நீர் புகவில்லை என்பதைப் பலர் அற்புதமாகப் போற்றினர். அந்தப் பேச்சைக் கேட்ட நாத்திகரின் கேள்வி கடுமையானது, ஆனால் கேட்கத்தக்கது: கட்டடத்தைக் காத்த கரம், அக்கட்டடத்தை நாடி வந்த குழந்தைகளைக் காக்காதது ஏன்? 1755ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று, புனிதர் அனைவர் திருநாளில், லிஸ்பன் நகர ஆலயங்கள் நிலநடுக்கத்தில் வழிபட்டோர்மேல் இடிந்து விழுந்தபோது ஐரோப்பா கேட்டதும் இதே கேள்விதான்.

இதற்குக் கிறிஸ்தவர் தரும் விடைகள் பலவகை. மனிதருக்குத் தன்விருப்பம் தரப்பட்டதால் தீமை விளைகிறது என்ற விடை போருக்கும் கொலைக்கும் பொருந்தும். கடலடி நிலநடுக்கத்துக்குப் பொருந்தாது. ஒழுங்கான இயற்கை விதிகள் இல்லாமல் உயிர்வாழ்வே இயலாது, அவ்விதிகளின் விலையே இது என்ற விடை சற்று வலிமையானது. மூன்றாவது விடை விளக்கமே தராமல் சிலுவையைச் சுட்டுகிறது: துன்பத்தை வெளியே நின்று பார்க்காமல் அதற்குள் இறங்கி வந்த கடவுளைத் தாங்கள் நம்புவதாகச் சொல்கிறது. நாத்திகருக்கு இது வாதமாகாது. ஆனால் விசுவாசி துன்பத்தில் எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறார் என்பதை இது அவருக்கு விளக்கும். அற்புதக் கதையை அவசரமாக எடுத்து நீட்டும் விசுவாசியைவிட, ‘தெரியவில்லை’ என்று ஒப்புக்கொள்ளும் விசுவாசி இந்த இடத்தில் தம் கடவுளுக்கு அதிக மரியாதை செய்கிறார் என்றே கருதத் தோன்றுகிறது. யோபுவின் நூலில் துயருற்றவனுக்கு விளக்கம் சொல்ல வந்த நண்பர்களே இறுதியில் கடிந்துகொள்ளப்படுகின்றனர் என்பது கிறிஸ்தவருக்குத் தெரியாததன்று.

மலேசியாவில் இத்தகைய பேச்சுக்கு ஒரு தனிச் சூழல் உண்டு. 1969 மே கலவரத்துக்குப் பிறகு, 1970 ஆகஸ்ட் 31 அன்று அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாரா எனும் தேசியக் கோட்பாட்டின் முதற்கூறு இறைவன்மீது நம்பிக்கை வைத்தல். பள்ளிப் பிள்ளைகள் அதை ஒப்பித்தே வளர்கின்றனர். கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு சமயத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. முஸ்லிம்களிடையே பிற சமயப் பரப்புரையை மாநிலச் சட்டங்கள் கட்டுப்படுத்தவும் இடமளிக்கிறது. சிலாங்கூரில் அதற்கான சட்டம் 1988இல் இயற்றப்பட்டது. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டில் கோலாலம்பூரில் எடுக்கப்பட்ட நாத்திகர் ஒன்றுகூடலின் படமொன்று பரவியபோது, நாத்திகரைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று அமைச்சர் ஒருவர் கூறினார். அவ்வாண்டு நவம்பரில் துணையமைச்சர் ஒருவர் நாடாளுமன்றத்தில், சமய உரிமை என்பது சமயமின்றி இருக்கும் உரிமையாகாது என்று விளக்கமளித்தார். ஆகவே இந்நாட்டில் விசுவாசியும் நாத்திகரும் சம வலுவோடு எதிரெதிர் அமர்வதில்லை. ஒருவருக்கு ஆலயமும் சபையும் தேசியக் கோட்பாட்டின் முதல் வரியும் துணை; மற்றவருக்குத் தம் நிலையைச் சொல்வதே சில இடங்களில் துணிச்சல். இதை உணர்ந்த கிறிஸ்தவர் தம் எதிர்த்தரப்பாரின் பெயரையும் படத்தையும் அவர் விருப்பமின்றி வெளியிட மாட்டார். பேசிய இடத்திலேயே பேச்சை விட்டுச் செல்வார்.

திருச்சபைக்குள்ளேயே இதற்கான வழி திறந்து கிடக்கிறது. 1965ஆம் ஆண்டு டிசம்பர் 7 அன்று, கோலாலம்பூர் மாநாட்டுக்கு நான்கு மாதங்களுக்கு முன், இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏடு, நாத்திகம் தோன்றுவதில் விசுவாசிகளின் குறைகளுக்கும் பங்குண்டு என்று ஏற்றுக்கொண்டு, நாத்திகரோடு உண்மையான உரையாடலை வேண்டியது. மிலான் நகரப் பேராயராக இருந்த கர்தினால் மர்த்தினி 1987இல் ‘நம்பாதவர்களின் இருக்கை’ என்ற பெயரில் கூட்டங்களைத் தொடங்கி, நம்பாதவர்களை அழைத்துப் பேசச் செய்து விசுவாசிகளைக் கேட்க வைத்தார். ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு விசுவாசியும் ஒரு நம்பாதவரும் குடியிருக்கின்றனர் என்பது அவர் கருத்து. லுத்தரன் மரபுக்கும் இது புதிதன்று. பிரிக்பீல்ட்ஸ் லுத்தரன் சபையின் வேர் தரங்கம்பாடியில் உள்ளது. 1706இல் அங்கே கரையிறங்கிய சீகன்பால்கு தமிழரோடு நடத்திய சமய உரையாடல்களில், தம்மை மறுத்தவர்களின் பதில்களையும் எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்.

இத்தகைய உரையாடலுக்கு மேடையும் ஒலிபெருக்கியும் தேவையில்லை. தமிழ்ப் பட்டிமன்றத்தின் கைத்தட்டல் இந்தப் பொருளுக்குக் கேடு என்றும் சொல்லலாம். கைத்தட்டலுக்காகப் பேசுபவர் எதிரே இருப்பவரைப் பார்ப்பதில்லை, கூட்டத்தைப் பார்க்கிறார். ஆறேழு பேர், ஒரு மாமாக் கடை மேசை, ஆளுக்கொரு தே தாரிக், ஒரு கேள்வி போதும். பேசத் தொடங்குமுன் அவரவர் எதிர்த்தரப்பின் வாதத்தைத் தம் சொற்களில் சொல்லி, ‘சரியாகச் சொன்னேனா?’ என்று கேட்டுக்கொள்ளலாம். ‘எனக்கு சுகம் கிடைத்தது’ என்று விசுவாசி சாட்சி கூறினால், அந்த அனுபவத்தைப் பொய் என்று சொல்லாமலேயே அதற்கு வேறு காரணமும் இருக்கக்கூடுமா என்று நாத்திகர் வினவலாம். ‘எல்லாம் அணுக்களின் கூட்டம்’ என்று நாத்திகர் சொன்னால், அப்படியானால் தோட்டத்தில் சாதிக்கொடுமையைக் கண்டு உங்கள் தாத்தா கொண்ட சினம் எதன்மேல் நின்றது என்று விசுவாசி வினவலாம். இரண்டும் விடை தேட வைக்கும் கேள்விகள்.

இவர்கள் எல்லோரும் கூடும் இடம் ஒன்று உண்டு. கிள்ளானில் ஒரு முதியவர், இளமையில் கழகக் கூட்டங்களுக்குச் சைக்கிளில் போனவர், மறைந்தால், மகள்களில் ஒருத்தி சபையில் ஞானஸ்நானம் பெற்றிருப்பாள், மகன் தந்தையின் வழியிலேயே நிற்பான். சடங்கு வேண்டாம் என்பது தந்தையின் சொல். ஒரு ஜெபமாவது வேண்டும் என்பது மகளின் கண்ணீர். இத்தகைய வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: பெட்டியை எடுக்குமுன் மகளின் சபையார் வாசலில் நின்று ஒரு பாட்டைப் பாடுகின்றனர்; மகனும் கழகத் தோழர்களும் கைகட்டிச் சற்றுத் தள்ளி நிற்கின்றனர். பிறகு தோழர் ஒருவர் இறந்தவரின் வாழ்க்கையைப் பற்றி நினைவேந்தல் உரை ஆற்றுகிறார். போதகர் பைபிளை மூடிக் கையில் வைத்துக்கொண்டு, உரை முடியும்வரை அசையாமல் நின்று கேட்கிறார்.